காய்ச்சல் இறங்கும் இடம்

போன மாதம் ஒரு காலை, பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவள் ஹரிணி. அலுவலகத்தில் நான் விட்டுவந்த மேசையில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். டிங்கிக் காய்ச்சல் கண்ட ஒரு பிள்ளைக்கு முதல் நாளிலிருந்து குணமாகும் வரைக்கும் என்னென்ன நடக்கும் என்று காட்டும் காலக்கோட்டுப் படம் அது. சிவப்புக் கோடு ஒன்று விறுவிறுவென மேலே ஏறியது. உச்சியில் கொஞ்சம் நின்றது. பிறகு சறுக்குமரம்போல இறங்கிப் பச்சையில் போய் முடிந்தது.

கீழே குரல்பதிவு: "கம்ப்யூட்டர்கிட்ட சொன்னேன்க்கா, மூச்சு விடறதுக்குள்ள போட்டுக் குடுத்துடுச்சு. அழகா இருக்குல்ல?"

கையைக்கூடக் கழுவாமல் அவளை அழைத்தேன்.

"அச்சுக்கு அனுப்பிட்டியா?"

"இல்லக்கா, நாளைக்குத்தான். ஏன்க்கா, கொரல் ஒரு மாதிரி இருக்கு?"

அப்படி ஒரு படத்தால் முன்பு நடந்ததை அவளிடம் சொன்னேன். கடைசியில், "இத எழுதி வைங்கக்கா. நான் போய்ச் சொன்னா ஆபீஸ்ல யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது திகாம் பத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்தவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது குடும்பம் சுங்கைப் பட்டாணி நகரத்துக்கு வந்தது. பள்ளி முடிந்ததும் விளம்பரப் பலகை எழுதும் கடையொன்றில் சேர்ந்து தூரிகை பிடிக்கக் கற்றேன். கடைப் பெயர்கள், திருவிழாப் பதாகைகள், கல்யாண வாழ்த்துகள். பிறகு மாலை வகுப்பில் கணினி வரைகலை. அரசாங்கச் சுகாதார அலுவலகம் ஒன்றில் ஓவியர் வேலை கிடைத்தது. அம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "விஜயா ஆஸ்பத்திரிக்குப் படம் போடுறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொசு, கைகழுவுதல், தாய்ப்பால், இனிப்புநீர் நோய், புகை. ஓய்வு பெறும்வரை இவற்றைத்தான் வரைந்தேன்.

எனக்கு மேலதிகாரிகள் பலர் வந்து போனார்கள். படத்தைக் கையில் வாங்கியவுடன் "ஓகேலா, ஜாலான்", சரி போகட்டும், என்று அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். டாக்டர் அருளம்பலம் அப்படி இல்லை. அவருடைய தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு இரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். மூன்றாம் தலைமுறை ஆகியும் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. குரலை உயர்த்த மாட்டார். நான் படத்தைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார். எதிர்ச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டுக் கதவருகே போய் நிற்பார். "கிளினிக்கில சனம் இவ்வளவு தூரத்திலதானே இருக்கும்" என்பார். பிறகு பக்கத்தில் வந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பென்சில் முனையால் தொட்டு வாசிப்பார். பிடித்திருந்தால் "வடிவா இருக்கு" என்பார். அதைச் சொன்ன மறு நிமிடமே, "ஆனா இதைப் பாத்திட்டு ஒரு தாய் என்ன செய்வா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னாலும் ஏற்க மாட்டார். "நீங்கள் சொல்லக் கூடாது, விஜயா. அவை சொல்லோணும்."

அவை என்றால் அவர்கள். படத்தைப் பார்க்கப்போகும் மக்கள். எந்தப் படமாக இருந்தாலும் அச்சுக்குப் போகுமுன் அதைத் தோட்டத்துக்கோ சந்தைக்கோ எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வர வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். அதற்கும் ஒரு முறை இருந்தது. நின்றுகொண்டு காட்டக் கூடாது. அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் நாமும் தரையில் உட்கார வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. "புரியுதா எண்டு மட்டும் கேட்டிடாதேங்கோ. எல்லாரும் புரியுது எண்டுதான் சொல்லுவினம்" என்பார். அதற்குப் பதில், விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். எங்கே ஆபத்து, எங்கே குணமாகிறது, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள். தவறாகத் தொட்டாலும் நம் முகம் மாறக் கூடாது. திருத்தவும் கூடாது. முடிந்ததும் மாதிரிப் படம் திரும்பி நம் பைக்கு வந்துவிட வேண்டும். ஒரு பிரதிகூட வெளியே தங்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை அவர் ஒவ்வொரு தடவையும் தவறாமல் சொல்வார்.

கோவிட் அடங்கியபின் எங்கள் பக்கத்தில் டிங்கி மறுபடியும் தலைதூக்கியது. காலக்கோட்டுப் படம் ஒன்று வேண்டும் என்று டாக்டர் வாசகத்தை எழுதிக் கொடுத்தார். டிங்கியில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. பல நோய்களில் காய்ச்சல் இறங்கினால் உடம்பு தேறிவிடும். டிங்கியில் சிலருக்குக் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு, கை கால் சில்லிடுவது. அந்த ஓரிரண்டு நாளைத் தாண்டினால்தான் பிழைத்தோம் என்று சொல்ல முடியும். இதையெல்லாம் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். நானும் ஒரு வார்த்தை விடாமல் படத்தில் சேர்த்தேன்.

சேர்த்த விதம்தான் வினை. ஒரு பிள்ளையை வரைந்து அதன் உடல்சூட்டை ஒரு கோடாகக் காட்டினேன். ஏறும்போது சிவப்பு, இறங்கும்போது நீலம், முடிவில் பச்சை. ஆபத்து அறிகுறிகளைக் கீழே ஒரு கட்டத்தில் அழகாக அடுக்கினேன். அலுவலகத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். டாக்டர் கதவருகே நின்று பார்த்தார், பக்கத்தில் வந்து வாசித்தார், "வடிவா இருக்கு" என்றார். ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். "ஒரு நடை தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா அச்சுக்குக் குடுக்கலாம்."

கையெழுத்துள்ள அந்தப் படத்தைச் சில பிரதிகள் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திகாம் பத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு தோட்டத்துக்குப் போனேன். நான் பிறந்த தோட்டம் அல்ல, வேறு. கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

"இந்தப் புள்ளைக்கு எந்த எடத்துல ஆபத்து? தொட்டுக் காட்டுங்க."

முதலில் வந்த பெரியவர் சிவப்பு உச்சியைத் தொட்டார்.

"எங்க நல்லாயிடுது?"

இறங்கும் நீலத்தைத் தொட்டார். கண்பார்வை சரியில்லாதவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து வந்தவள் இடைநிலைப்பள்ளி மாணவி. அவளும் அதே இடங்களைத் தொட்டாள். பிறகு தோட்டக் கணக்கரான கிராணியின் மனைவி, கோயில் பூசாரி, லோரி ஓட்டும் தம்பி. எல்லார் விரலும் உச்சிக்குப் போனது, அங்கிருந்து சறுக்கி இறங்கியது. கீழேயிருந்த ஆபத்துக் கட்டத்தைக் காட்டி ஒரு பெண்ணிடம் இது என்னவென்று கேட்டேன். "ஏதோ மருந்து வெளம்பரம்னு நெனச்சேன்லா" என்று சிரித்தார்.

நான் வரைந்த படம் டாக்டர் எழுதிக் கொடுத்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குள் இருந்த எழுத்து சரி. அதை யாரும் வாசிக்கவில்லை. கோட்டைத்தான் பார்த்தார்கள், கோடு "இறங்கிவிட்டது, இனி பயமில்லை" என்றது.

கடைசியாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். செம்பனை நாற்றங்காலில் வேலை செய்கிறவர். நகக்கண்களில் மண் இருந்தது. பெயர் சரசு என்றார். மற்றவர்களைப்போல அவர் உடனே தொடவில்லை. படத்தை மடிமேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இறங்கும் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இங்கதான் எந்திரிச்சு உக்காந்தா. மைலோ கேட்டா. கலக்கிக் குடுத்தேன், குடிச்சிட்டுச் சிரிச்சா."

படத்திலிருக்கும் பிள்ளையைப் பற்றிக் கதை சொல்கிறார் என்று நினைத்தேன். "யாரும்மா?" என்றேன்.

"எம்மக. தர்ஷினி." விரல் பச்சைப் பக்கமாக நகர்ந்து நின்றது. "இது மட்டும் வரல. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்பவே ஒடம்பு தொவண்டு போச்சு. போன வருசம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சற்றும் எதிர்பாராதபடி, அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அப்ப நான் செஞ்சது சரிதானேக்கா? காய்ச்சல் எறங்குனா நல்லாயிடும்னுதானே கவர்மெண்டு படத்துலயும் போட்டிருக்கு? ஒரு வருசமா எம்மாமியா, நீதான் புள்ளைய வீட்டுலயே வச்சிருந்து கொன்னேன்னு சொல்றாங்க. இத அவங்ககிட்ட காட்டணும். எடுத்துக்கிட்டுமா?"

முகம் மாறக் கூடாது, திருத்தக் கூடாது, பிரதி வெளியே தங்கக் கூடாது. எல்லா விதியும் நினைவில் இருந்தது. ஆனால் கையை நீட்டி அந்தத் தாளைப் பிடுங்க என்னால் முடியவில்லை. அவர் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிருந்து நேராக டாக்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கையெழுத்துள்ள இன்னொரு பிரதியை என் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, தோட்டத்து ஆட்கள் செய்ததைப்போலவே ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்தை வாசிச்சனான். படத்தை வாசிக்கேல்லை" என்றார். "இத்தனை வருசம் டிங்கி பாத்தனான், விஜயா. எத்தனை பிள்ளையள். எனக்கே தெரியேல்லை."

பிறகு, "அந்த வீட்டுக்குப் போகோணும். அந்தத் தாள் அங்க இருக்கக் கூடாது" என்றார்.

"விட்டுடலாமே டாக்டர்" என்றேன். "ஒரு தாள்தானே. அத வச்சாவது அந்தம்மா நிம்மதியா இருக்கட்டும். நாம புதுசா வேற போட்டுக்கலாம்."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எதைப் பாப்பினம்? அந்த வீட்டில இருக்கிற தாளைத்தானே?"

மீதிப் பிரதிகளையும் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். சரசுவின் வீடு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. வாசலில் கால் வைத்ததும் கண்ணில் பட்டது அந்தத் தாள்தான். சாமி மேடைக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுமியின் மாலை போட்ட படத்தை ஒட்டினாற்போல, நான்கு மூலையிலும் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. மடிப்புகளை நீவிவிட்டிருந்தார்கள். சரசுவின் மாமியார் கையில் தேத்தண்ணி மங்குகளோடு வந்தார். "மருமவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானும் வாயில வந்தத பேசிப்புட்டேன்யா. நேத்துதான் படத்தப் பாத்தேன். பாவம்" என்றார். கணவர் மணியம் கதவோரம் நின்றிருந்தார். செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

சரசு வேகமாகக் கைப்பேசியை எடுத்து வந்தார். "தோட்டத்து குரூப்புல போட்டுட்டேன்க்கா. எத்தன பேரு அனுப்பியிருக்காங்க பாருங்க. பீடோங்ல இருக்குற எங்க அண்ணிகூடக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க."

அரசாங்கச் சின்னத்தோடு, டாக்டர் கையெழுத்தோடு, என் தவறான கோடு ஒரே இரவில் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கிறதோ! டாக்டர் தேத்தண்ணியை வாங்காமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இந்தப் படம் பிழை" என்றார்.

சரசுவுக்கு விளங்கவில்லை. "என்ன பெழை?"

"காய்ச்சல் இறங்கினா நல்லாயிடும் எண்டு இது சொல்லுது. அது டிங்கிக்குச் சரியில்லை. காய்ச்சல் இறங்கேக்கதான் ஆபத்து."

மணியம் கதவோரத்திலிருந்து முன்னே வந்தார். "அப்ப நேரத்தோட கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருக்குமா டாக்டர்?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "தெரியாது, தம்பி. பிழைச்சிருக்கலாம். பொய் சொல்ல மாட்டன்."

மாமியாரின் கையிலிருந்த மங்கு தரையில் விழுந்து உருண்டது. சரசு சுவரில் சாய்ந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்தேன். முந்தின நாள் அதில் பார்த்த மலர்ச்சியை நாங்களே வந்து துடைத்துவிட்டோம்.

டாக்டர் விடவில்லை. "நான் சொல்லுறதை முழுக்கக் கேளுங்கோ. இந்தப் படத்தை நான் பாத்து, சரி எண்டு கையெழுத்துப் போட்டனான். இந்தா, என்ர பேர். நான் டாக்டர். எனக்கே பிழை தெரியேல்லை. இந்தப் பிள்ளை விஜயா எத்தனையோ வருசமா நோய்ப்படம் வரையிறவ. அவவுக்கும் தெரியேல்லை. படத்தில இறங்கின காய்ச்சல் எங்களையே ஏமாத்தியிருக்கு. வீட்டில இருந்த தாய்க்கு எப்பிடித் தெரியும்? இவவில குற்றம் சொல்லுறவை முதல்ல என்னில சொல்லோணும்."

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு டாக்டர்."

சொன்னவர் மணியம். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் யாரையும் பார்க்கவில்லை; சுவரிலிருந்த மகளின் படத்தைப் பார்த்தபடி பேசினார்.

"அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணுனா. புள்ள கால் ஜில்லுன்னு இருக்கு, ஒரு மாதிரி தூங்கித் தூங்கி விழுது, பக்கத்து வீட்டுக் காடியக் கேட்டு அதுல ஏத்திச் சுங்கைப் பட்டாணிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமான்னு கேட்டா. நான் எண்ணெ மில்லுல லோரியோட வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். காய்ச்சல்தான் விட்டுடுச்சே, இன்னும் என்னாடி, சும்மா அடுத்தவங்களத் தொந்தரவு பண்ணாதேன்னு சொல்லி வச்சிட்டேன்."

மாமியார் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினார். "இத ஏன்டி எங்கிட்ட சொல்லல? ஒரு வருசமா நான் ஒன்ன..."

"சொல்லி என்னா ஆவப்போவுது?" என்றார் சரசு. குரலில் கோபமே இல்லை. "புள்ள போயிடுச்சு. இவரு ராத்திரியில எந்திரிச்சு ஒக்காந்துக்கிட்டு இருப்பாரு. நீங்களும் பேச ஆரம்பிச்சா இவரும் போயிடுவாருன்னு பயந்தேன்."

மணியம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அந்த வீட்டில் ஒரு வருடமாக அடைபட்டிருந்த அழுகை. மாமியார் சரசுவின் காலைப் பிடிக்கப் போனார். சரசு தடுத்து அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டார். நானும் டாக்டரும் வெளியே போவதா, அங்கேயே இருப்பதா என்று தெரியாமல் விழித்தோம். ஒரு தாளைத் திரும்ப வாங்க வந்தவர்கள் நாங்கள்.

கொஞ்ச நேரம் போனபின் சரசு எழுந்தார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்தார். அதை என் முன்னே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து, எங்கள் எல்லார் முன்னிலையிலும் தோட்டத்துக் குழுவுக்குக் குரல்பதிவு செய்தார்.

"எல்லாரும் கேளுங்க. நான் நேத்து அனுப்புன படம் தப்பு. அழிச்சிடுங்க. டாக்டரே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாரு. டிங்கியில காய்ச்சல் விட்டுச்சுன்னா சும்மா இருந்துடாதீங்க. எம்மவளுக்குக் காய்ச்சல் விட்டப்பதான் போயிடுச்சு. கால் ஜில்லுன்னு இருந்தா ஒடனே தூக்கிட்டுப் போங்க. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

கடைசி வாக்கியத்தின்போது மணியம் தலை நிமிரவில்லை.

பிறகு சரசு என்னிடம் கேட்டார். "புதுசா போடுவீங்கதானே? அந்த எடத்துல எப்படிப் போடப் போறீங்க?"

"சிவப்பா, பெருசா போடலாம். அழற மாதிரி ஒரு புள்ள..."

"வேணாம்." அவர் குறுக்கிட்டார். "அழுவுற புள்ளயத் தூக்கிட்டு ஓட எங்களுக்குத் தெரியாதா? சிரிக்கிற மாதிரி போடுங்க. சிரிச்சதாலதான் நாங்க ஏமாந்தோம்."

திரும்பியதும் டாக்டர் அன்றே மேலிடத்துக்கு எழுதி, அந்தப் படத்தைக் கண்டால் அழிக்கும்படி எல்லாச் சிகிச்சை நிலையங்களுக்கும் செய்தி அனுப்ப வைத்தார். கையெழுத்து தன்னுடையது என்றே எழுதினார். வரைந்தவர் பெயரை எழுதவில்லை.

புதுப்படத்தில் சூட்டுக் கோட்டையே தூக்கியெறிந்தேன். பாதைபோல ஒரு பட்டை. அதன்மேல் பிள்ளை நான்கு நிலைகளில். காய்ச்சலில் படுத்திருப்பது, காய்ச்சல் விட்டு உட்கார்ந்து சிரிப்பது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பது, விளையாடுவது. சிரிக்கும் பிள்ளை இருக்கும் இடத்தில் பட்டையை அகலமாக்கி அடர்சிவப்பு பூசினேன். சுங்கைப் பட்டாணியில் ஒரு சிகிச்சை நிலையத்தில் காட்டினோம். மறுபடியும் அதிர்ச்சி. சிவப்பு என்றாலே சூடு என்று எடுத்துக்கொண்டார்கள். "இங்க காய்ச்சல் ஜாஸ்தி, ஆனா புள்ள தெம்பா இருக்கு" என்றார் ஒருவர். சிவப்பைக் கைவிட்டுக் கருநீலம் வைத்தேன். பிள்ளையின் பாதத்தைத் தாய் தொட்டுப் பார்ப்பதுபோலச் சேர்த்தேன். தாயின் தோளில் ஒரு பை.

அதைக் கோத்தா கோலா மூடாவில் மீன் இறங்கும் இடத்துக்கு எடுத்துப்போனோம். மீன் விற்கும் மலாய்க்கார அக்கா ஒருவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சிரிக்கும் பிள்ளையைத் தொட்டு, பிறகு தாயைத் தொட்டு, மலாயில் கேட்டார்: அம்மா எங்கே கிளம்புகிறாள்? பிள்ளையை விட்டுவிட்டுச் சந்தைக்கா? டாக்டர் என்னைப் பார்த்தார். இரண்டு உருவத்தையும் ஒன்றாக்கினேன். தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கியிருக்கிறாள்; பிள்ளை அவள் தோளுக்கு மேலே சிரிக்கிறது; தாயின் ஒரு கை பிள்ளையின் பாதத்தைப் பற்றியிருக்கிறது; அவளுடைய ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டது. எழுத்து ஒரே வரி: "காய்ச்சல் விட்டதா? இப்போதே ஆஸ்பத்திரிக்கு."

அந்த வரியைத் தாதிமார் சிலர் எதிர்த்தார்கள். காய்ச்சல் விட்ட ஒவ்வொரு பிள்ளையும் வந்து நின்றால் இடம் ஏது என்றார்கள். டாக்டர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "டிங்கி என்று சந்தேகம் உள்ள பிள்ளைக்கு" என்ற சொற்களை மேலே சேர்க்கச் சம்மதித்தார். மற்றதைத் தொட விடவில்லை.

சரசுவிடம் அதைக் காட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இன்னொரு முறை அந்தப் பெண்ணை அந்த இடத்தின்மேல் விரல் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவரே என் எண்ணுக்கு அழைத்தார். "எப்பக்கா கொண்டாருவீங்க? மத்தவங்களுக்கெல்லாம் காட்டிட்டீங்களாமே?"

அதே லயம், அதே வீடு. தாளைப் பாயில் விரித்துவிட்டு நான் பின்னால் நகர்ந்துகொண்டேன். மாமியார் சாமி மேடையருகே உட்கார்ந்திருந்தார். மணியம் வேலைக்குக் கிளம்பும் உடையில் வாசற்படியில் நின்றார். சரசு குனிந்து பார்த்தார். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்தார், நகர்ந்தார். சிரிக்கும் பிள்ளையிடம் வந்து நின்றார். அவர் மூச்சு எங்களுக்குக் கேட்டது.

டாக்டர் கேட்கத்தான் வேண்டியிருந்தது. "இந்த இடத்தில தாய் என்ன செய்யோணும் அம்மா?"

சரசு தாளைத் தொடவில்லை. தலையைத் தூக்கி வாசலில் நின்ற கணவரைப் பார்த்தார்.

"காடிய எடுங்க" என்றார்.

மணியத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் லோரிச் சாவியைப் பற்றியது. ஒரு காலைப் படியிலிருந்து கீழே வைத்தும்விட்டார். பிறகுதான், போவதற்கு இடமோ தூக்குவதற்குப் பிள்ளையோ இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அப்படியே நின்றார். சரசு எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

டாக்டர் பாயிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பாயின் மேடுபள்ளத்தில் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. வேறு தாள் கொண்டு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.